மீட்டா அண்ணியின் நாக்கு

என் அண்ணி மீட்டா கூப்மன் பத்தொன்பது வயதில் குடியை விட்டவர். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் திராட்சைப் பண்ணையிலேயே வேலை பார்த்தார். ஒரு மடக்கு ஒயின்கூட விழுங்கியதில்லை. பண்ணைக் கூலிகளான எங்கள் வீட்டு வரிசையில் அப்படி ஒருத்தர் இருப்பது பேசித் தீராத விஷயம்.

எங்கள் அப்பாக்கள் காலத்தில் கூலியில் ஒரு பங்கு ஒயினாகத்தான் வரும். காலை வேலைக்கு இறங்கும்போது ஒரு தகரக் குவளை, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. மீட்டா அண்ணியின் அப்பா அந்தக் குவளையிலேயே வாழ்ந்து அந்தக் குவளையிலேயே போனார். அம்மாவும் குடித்தார். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் குடித்தார். அந்தப் பிள்ளை, அண்ணியின் கடைசித் தம்பி, ஏழு வயதில்தான் பேச ஆரம்பித்தான். பதினைந்தைத் தாண்டவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அண்ணி தன் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் குவளை நீட்டப்பட்டபோது வாங்காமல் நடந்துவிட்டார், அவ்வளவுதான்.

நான் ஆப்ராம். அவருடைய புருஷன் யாப்பியின் தம்பி. டாசிபெர்க் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறேன். யாப்பி நெஞ்சு நோயில் போன பிறகு அண்ணி நாலாவது வீட்டில் தனியாகவே இருந்தார். மகள் எஸ்ரீன் கடலோரத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். மீன் நாற்றம் ஆகாது என்று அண்ணி சொல்லிவிடுவார்.

எங்கள் பண்ணையின் மேல்சரிவில் இருக்கும் கொடிகள் ஸ்டீன் என்னும் வெள்ளைத் திராட்சை. அறுபது வருஷத்துக்கு முந்தியவை. கம்பி கிடையாது, சொட்டுக்குழாய் கிடையாது. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்தில் தனித்தனிப் புதராக நிற்கும். அடிமரம் ஆள் தொடை பருமன். நல்ல வருஷத்தில் ஒரு கொடிக்கு எட்டுக் குலை, மழை பொய்த்தால் மூன்று. பழைய முதலாளி அதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஆரஞ்சு வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் விக்கஸ் வந்தார். வெள்ளைக்காரப் பையன், முப்பது வயதிருக்கும். கேப்டவுனில் படித்தவர். அந்தச் சரிவை மட்டும் குத்தகைக்கு எடுத்தார்.

வந்த முதல் வாரமே எங்களைக் கூட்டிவைத்து, இனிமேல் இந்த மண்ணில் மருந்து விழாது, உரம் விழாது என்றார். ஒயினிலும் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை, ஈஸ்ட் இல்லை, கந்தகம் இல்லை, பழம் தானாகப் பொங்கித் தானாக அடங்கட்டும் என்றார். தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். மற்றவர்களுக்கு வாய் வரவில்லை, ஐயா என்றே கூப்பிட்டோம். மீட்டா அண்ணி மட்டும் அன்றே தம்பி என்று ஆரம்பித்துவிட்டார். விக்கஸுக்கும் அது பிடித்துப்போனது.

மருந்து இல்லை என்றதும் எங்களுக்குச் சந்தோஷம்தான். முதுகில் மருந்து டாங்க் சுமந்து, கண் எரிந்து, தோல் உரிந்து அலுத்திருந்தோம். ஆகஸ்ட் வந்தபோதுதான் புரிந்தது. மருந்து கொல்லாத களையை யாராவது ஒருவர் கொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கோணல்மாணலாக நட்ட கொடிகளுக்கு நடுவே என் டிராக்டர் நுழையாது. ஆகவே பதினான்கு பெண்களும் பதினான்கு மண்வெட்டிகளும். ஆகஸ்டில் ஆரம்பித்தால் அக்டோபர் முடியும் வரை குனிந்த முதுகு நிமிராது. மேல் வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தால் கீழ் வரிசையில் மறுபடி முளைத்திருக்கும். அதற்கு நடுவில் துளிரைத் தின்னும் வண்டுகள் வரும். அதற்கும் மருந்து கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு கொடி கொடியாகக் குனிந்து கையால் பொறுக்க வேண்டும். பிறகு அறுவடை, பிறகு ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் கவாத்து. முழங்கால் உயரக் கொடிக்கு எல்லா வேலையும் முழங்கால் உயரத்தில்தான்.

மீட்டா அண்ணிதான் மண்வெட்டி வரிசைக்குத் தலை. அவர் போகும் வேகத்தில்தான் மற்றவர்கள் போக வேண்டும். அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. சாயங்காலம் வீடு வந்தால் வாசல்படியில் உட்கார மாட்டார், எழுந்திருக்க முடியாது என்று. நின்றுகொண்டே ரூய்போஸ் என்னும் எங்கள் ஊர்ச் சிவப்பு டீ குடிப்பார்.

அவர் நாக்கு கண்டுபிடிக்கப்பட்டது மூன்றாம் வருஷம்.

அந்த வருஷம் விக்கஸின் சிநேகிதர்கள் இரண்டு பேர், அவர்களும் ஒயின் செய்கிறவர்கள், வந்து பீப்பாய்களைச் சுவைத்துப் பார்த்தார்கள். ஒரு பீப்பாயில் இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். எலி என்றார்கள். விக்கஸ் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்தார், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கந்தகம் போடாத ஒயினில் சில சமயம் அப்படி ஒரு கெடுதல் வரும். குவளையில் மூக்கை வைத்தால் தெரியாது. வாயில் வைத்துத் துப்பிய பிறகு, பத்து எண்ணுவதற்குள், தொண்டைக்குப் பின்னாலிருந்து எலி வளையின் வாடை எழும். சிலருக்குத் தெரியும், சிலருக்கு ஆயுசுக்கும் தெரியாது. தெரியாத ஜாதியில் விக்கஸ் பிறந்துவிட்டார்.

சிநேகிதர்கள் போன பிறகு அவர் எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தார். நான் மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கு எல்லாமே நன்றாக இருக்கும். அண்ணி அப்போது ஒரு காலிப் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நான் குடிக்கறதில்ல தம்பி. உங்களுக்குத்தான் தெரியுமே.”

“குடிக்க வேணாம்க்கா. வாயில வெச்சுத் துப்பிடுங்க. ஒரே ஒரு தடவை.”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் குவளையைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக உதட்டில் படாத சாமான். பிறகு வாயில் வைத்து, வாளியில் துப்பிவிட்டு, மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டு பீப்பாய்ப் பக்கம் இரண்டடி நடந்தார். நடந்தவர் நின்றார்.

“எங்க வீட்டு அலமாரிக்குப் பின்னால எலி குட்டி போட்டப்ப இப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

விக்கஸ் நம்பவில்லை. மூன்று குவளைகளில் மூன்று பீப்பாய் ஒயினை ஊற்றி, அண்ணியை முதுகைத் திருப்பி நிற்கச் சொல்லி, இடம் மாற்றி வைத்தார். நான்கு தடவை மாற்றினார். நான்கு தடவையும் அண்ணி அதே குவளையைத் தள்ளி வைத்தார். ஐந்தாம் தடவை மூன்றிலும் நல்ல ஒயினையே ஊற்றி வைத்திருந்தார். அண்ணி மூன்றையும் துப்பிவிட்டு, “விளையாடறீங்களா? எனக்குக் கழுவற வேலை கிடக்கு” என்றார்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் அண்ணி பீப்பாய்களைச் சுவைத்துத் துப்ப வேண்டும் என்றானது. அவர் எலி என்று சொன்ன பீப்பாய் தனியே ஒதுக்கப்படும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடந்தால் சில சமயம் அந்த வாடை தானாகவே போய்விடும். போய்விட்டதா என்று சொல்லவும் அவர்தான் வேண்டும்.

விஷயம் தேவாலயத்துக்குப் போனது. சபை மூப்பர் ஃபிலாண்டர் ஒரு சனிக்கிழமை அண்ணி வீட்டுக்கு வந்து, சகோதரி ஒயின் ருசி பார்க்கிறாளாமே என்று விசாரித்தார். துப்பிவிடுகிறேன் என்று அண்ணி சொன்னார். துப்பினாலும் வாயில் போனது போனதுதானே என்றார் மூப்பர். மூன்று மாதம் அண்ணியைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், திருவிருந்து கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. வாரா வாரம் குடித்துவிட்டுப் போகும் நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணிக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கடைசி பெஞ்சில் கதவுக் காற்று வருகிறது, பிரசங்கம் நீளும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் வசதி என்றார். மூன்று மாதம் முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. வாரத்தில் ஒரு நாள் நாக்கு, மற்ற நாளெல்லாம் மண்வெட்டி. கூலி அதே கூலி.

பிறகு ஒரு செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து ஒயின் வாங்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மேல்சரிவுக்கு அவர்களை என் டிராக்டர் டிரெய்லரில்தான் ஏற்றிப் போனேன். பெண்கள் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விக்கஸிடம், இவ்வளவு நல்ல ஒயின் செய்ய நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். விக்கஸ் சிரித்தபடி, நாங்கள் ஒன்றுமே செய்வதில்லை, சும்மா விட்டுவிடுகிறோம், அதுதான் ரகசியம் என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அண்ணிக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். பத்தடி தள்ளிக் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். நிமிர்வதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் பீப்பாய் நாள். விக்கஸ் கண்ணாடிக் குழாயை விட்டு ஒயினை உறிஞ்சிக் குவளையில் ஊற்றி நீட்டினார். நான் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி குவளையை வாங்கவில்லை.

“தம்பி, என்கிட்ட நாக்கு ஒண்ணு இருக்கு, முதுகு ஒண்ணு இருக்கு. ரெண்டையும் எடுத்துக்கறீங்க. இனிமே ஏதாவது ஒண்ணுதான்.”

விக்கஸுக்கு முதலில் புரியவில்லை. கூலியை உயர்த்துகிறேன் என்றார். கூலி கேட்கவில்லை என்றார் அண்ணி.

“நாக்கு வேணும்னா என் முதுகை விட்டுடுங்க. மண்வெட்டிதான் வேணும்னா சொல்லுங்க, இப்பவே மேல போறேன். அந்த எலியை நீங்களே பிடிச்சுக்குங்க.”

நான் சுருட்டிய குழாயை மறுபடி விரித்துச் சுருட்டினேன். விக்கஸ் குவளையை வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. யாரும் கேட்காததால் அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. சரி என்றார். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒயின் கிடங்கில் மட்டும் வேலை. பீப்பாய் கழுவுவது, ஒயின் வற்றிக் குறைந்த பீப்பாயை நிரப்புவது, ருசி பார்ப்பது. அதுவும் லேசான வேலை இல்லை, ஈரத்தில் நின்று கால் வீங்கும். ஆனால் நின்றபடி செய்யலாம்.

மண்வெட்டி வரிசையில் லெட்டி என்று ஒருத்தி. வாய் ஓயாதவள், அண்ணியைவிட எட்டு வயது இளையவள். அண்ணி போன பிறகு வரிசைக்கு அவள்தான் தலையானாள். காலையில் அண்ணி கிடங்குப் பக்கம் திரும்பும்போது, “வழி விடுங்கடி, நாக்கு மகாராணி போறாங்க. பல்லக்கு எங்க ஆப்ராம், கொண்டு வரலையா?” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அண்ணி திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு நாள் என்னிடம், அவள் சொல்வதில் தப்பில்லை, நான் விட்ட வரிசையை அவர்கள்தானே கொத்துகிறார்கள் என்றார். அது அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பிப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. முதுகு அவரை அப்போதுதான் முதல் தடவையாகத் தூங்கவிட்டது.

அப்புறம் உலகத்துக்கே நோய் வந்த வருஷம். எங்கள் வீட்டு வரிசையிலும் ஜூனில் புகுந்தது. ஏழு வீட்டில் ஐந்து வீடு படுத்தது. அண்ணி பத்து நாள் படுத்தார். நான் கதவுக்கு வெளியே ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டு வருவேன். எழுந்துவிட்டார். எஸ்ரீன் போனில் அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னேன்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டைக் கடக்கும்போது கருகல் வாடை தெருவரைக்கும் அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அடுப்பில் மீன் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டி, நாற்காலியில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். நான் சட்டியைத் தூக்கி வெளியே போட்டேன். அவர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எப்பலேர்ந்து அண்ணி?”

“படுத்ததுலேர்ந்து.”

சோப்பு, மண்ணெண்ணெய், காபி, எல்லாம் தண்ணீர் மாதிரிதான் என்றார். உப்பும் புளிப்பும் மட்டும் நாக்கு நுனியில் தெரிகிறது. கிளினிக்கில் கேட்டபோது வந்துவிடும், பொறுங்கள் என்றார்களாம். விக்கஸிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதற்குள் வந்துவிடும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் வந்தது. வாசனை வரவில்லை. அதுவரை வாரா வாரம் ருசிக்கு, ஒயின் இன்னும் அடங்கவில்லை, பொறுங்கள் என்று அண்ணி தட்டிக்கழித்திருந்தார். அந்த வருஷம் பதினோரு பீப்பாய். பாட்டிலில் அடைப்பதற்கு முன் கடைசி ருசி. எப்போதும் ஒன்றிரண்டு பீப்பாயாவது ஒதுக்குவார். சாராயக் கடைகள் மூடியும் திறந்தும் கிடந்த வருஷம் அது. உள்ளூரில் விற்க முடியவில்லை, வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விக்கஸ் மெலிந்து போயிருந்தார். அவர் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

அண்ணி முதல் பீப்பாயை வாயில் வைத்தார், துப்பினார், எப்போதும் போலச் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். தலையாட்டினார். இரண்டாவது. மூன்றாவது. நான் பாட்டில் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது பீப்பாயில் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் பெட்டியைக் குனிந்து எடுத்தேன். பதினொன்றுக்கும் தலையாட்டினார்.

“பதினொண்ணும் சுத்தமாக்கா?” விக்கஸ் குரலில் அவ்வளவு நிம்மதி.

“ம்” என்றார் அண்ணி.

பதினொன்றையும் ஒரே தொட்டியில் கலந்து அடைத்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பாட்டில். பாதி ஏப்ரலில் கப்பலேறியது.

அடுத்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தேவாலயத்திலிருந்து வந்து அண்ணி வீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது விக்கஸ் வந்தார். கையில் ஒரு பாட்டிலும் குவளையும். அதுவரை அவர் வீட்டு வரிசைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். வாங்கினவர் எழுதியிருக்கிறார், கேப்டவுனில் ஒரு கடைக்காரரும் சொல்கிறார், எலி என்கிறார்கள், ஒரு பாட்டில் இல்லை, திறந்த எல்லாப் பாட்டிலிலும் என்றார். அடைத்த பிறகு வந்திருக்குமோ என்று கேட்டபடியே குவளையில் ஊற்றி அண்ணி முன்னால் வைத்தார்.

அண்ணி குவளையைத் தொடவில்லை.

“எனக்குத் தெரியாது தம்பி. போன வருஷம் ஜூன்லேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது.”

விக்கஸ் அவரையே பார்த்தார். “அப்ப நவம்பர்ல?”

“சும்மா தலையாட்டினேன்.”

“பதினொண்ணுக்கும்?”

“பதினொண்ணுக்கும்.”

வெளியே லெட்டி வீட்டு ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விக்கஸ் சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அந்த மிதியில் என் வாய் அடைத்தது. அதற்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

“ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா மண்வெட்டி.”

“நான் உங்களைத் திரும்ப மேல அனுப்பியிருப்பேன்னா நினைச்சீங்க?”

“வேற எங்க அனுப்பியிருப்பீங்க?”

அண்ணி அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். விக்கஸ் எழுந்து, குவளையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. யாரும் சொல்லாமலே அண்ணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்சரிவுக்குப் போனார். விக்கஸ் தன் வண்டியில் கடந்து போனபோது பார்த்தார். நிறுத்தவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த வாரம் அவ்வளவுதான் தெம்பு இருந்திருக்கும். கப்பலில் போனதற்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பேச்சு. அவர் தன் வேனை விற்றார். வாங்கினவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அண்ணியின் பேரைச் சொல்லவில்லை, பிழை என்னுடையது என்றே எழுதினார். இதைப் பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

அண்ணிக்கு ஐம்பத்தொன்பது வயது. நான்கு வருஷம் மண்வெட்டி பிடிக்காத கை. முதல் நாள் மதியத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்தது. லெட்டி அன்று காலையில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இரண்டாம் வாரம் நான் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு மேலே போனபோது கவனித்தேன். லெட்டி தன் வரிசையைக் கொத்திக்கொண்டே பக்கத்து வரிசையில் பாதியையும் சேர்த்துக் கொத்திக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்து வரிசை அண்ணியுடையது. அண்ணி பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை அண்ணி குனிந்தவர் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, டிரெய்லரில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, பள்ளம் மேடு பார்த்துக் கீழே இறக்கினேன். அந்த ஒன்றரை மைல் என் ஆயுளில் நான் ஓட்டிய மிக நீளமான தூரம். அண்ணி ஒரு தடவைகூட முனகவில்லை. மேலே பார்த்தபடி, மழை வரும் போலிருக்கே, களை இன்னும் ஏறும் என்றார்.

பக்கத்து டவுன் பிகெட்பெர்க்கின் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். இரண்டாம் நாளே விக்கஸ் போய்ப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணியிடம் கேட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம் என்று மட்டும் சொன்னார். வீடு அவர் பேரிலேயே இருக்கட்டும், வேலைக்கு வர வேண்டாம், அரசாங்க முதியோர் பணம் வரும் வயது வரை கூலி பாதி வரும் என்று ஏற்பாடானது. பாதிக் கூலி என்பது தாராளமா, அநியாயமா என்று வீட்டு வரிசையில் இரண்டு கட்சி உண்டு. அண்ணி எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

கிடங்கில் அந்த வருஷத்துப் பீப்பாய்கள் கிடந்தன. அவற்றுக்கும் ஒரு நாக்கு வேண்டும். விக்கஸ் மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தார். நான் மறுபடி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். லெட்டி வாயில் வைத்து, துப்பாமல் விழுங்கிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து, “அய்யே, இதையா விக்கப் போறீங்க?” என்றாள். அவளுக்கும் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நல்லது என்று விக்கஸே நினைத்திருப்பார். அவளைச் சமாளிப்பது லேசில்லை. கிடங்கு வேலைக்குக் கூப்பிட்டதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

“மீட்டாக்காவுக்குச் சொன்ன அதே பேச்சுதானே? மண்வெட்டி கிடையாது?”

கிடையாது என்றார் விக்கஸ். நாக்கு கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்றும் லெட்டி கேட்டாள். விக்கஸ் அதையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நாக்கு போனாலும் கிடங்கு வேலை உண்டு என்று. அந்தக் காகிதத்தை லெட்டி அண்ணியிடம் கொண்டுவந்து காட்டினாள். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். தேதி போட்டிருக்கிறாரா பார், கையெழுத்து இருக்கிறதா பார் என்றார். இருந்தது. மடித்துக் கொடுத்துவிட்டு, ஈரத்தில் நிற்கும்போது உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள், பூட்ஸ் மட்டும் போதாது என்றார்.

மேல்சரிவில் மண்வெட்டிகள் இப்போது பதினாறு. விக்கஸ், போன இருவருக்குப் பதிலாக இரண்டு பெண்களையும், கூடுதலாக இரண்டு பெண்களையும் சேர்த்திருக்கிறார். அவர்கள் முதுகு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், உனக்கென்ன, உட்கார்ந்துகொண்டே ஓட்டுகிறவன் என்பார்கள். அதுவும் சரிதான்.

கப்பலேறாமல் மிஞ்சிய பாட்டில்கள் கொட்டகையில் இரண்டு வருஷம் கிடந்தன. போன குளிர்காலத்தில் லெட்டி ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேற்பட்ட பெட்டிகளில் எலி வாடை போய்விட்டிருந்தது. அதைப் பண்ணைப் பேர் போடாமல் மலிவாக விற்றார்கள். மீதியைச் சாக்கடையில் ஊற்றினோம். நான்தான் ஊற்றினேன். கொஞ்சம் குடித்தும் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அண்ணிக்கு வாசனை திரும்பியது, ஆனால் கோணலாகத் திரும்பியது. காபி டயர் எரிவது போல இருக்கிறதாம். ரோஜாவில் ஒன்றும் இல்லையாம். மீன் மட்டும் சரியாக மீனாகவே இருக்கிறது. அதனால் எஸ்ரீன் கூப்பிட்டபோது இந்தத் தடவை இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வந்தார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். பார்க்கப் போகவில்லை, தூங்கினேன் என்றார். இரண்டு மாதமும் தூங்கியது போலத்தான் முகம் இருந்தது. இன்னும் தூங்க வேண்டும் போலவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மூப்பர் ஃபிலாண்டர், சகோதரி முன்வரிசைக்கு வரலாமே, காது கேட்க வசதியாக இருக்கும் என்றார். அண்ணி வேண்டாம் என்று கை காட்டினார். கதவோரம் முதுகைச் சாய்க்க ஒரு சுவர் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.